மேளத்தைக் குடி மாற்றியது

என் பழைய கணினி செத்த அன்று வீடு முழுக்கக் கருகிய மிளகாய் நெடி. மனைவி முதலில் அடுப்படியைப் போய்ப் பார்த்தாள். பிறகு வந்து என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் இருவரும் கணினியைப் பார்த்தோம். அதன் பின்புறத்திலிருந்து ஊதுவத்தி அளவுக்குப் புகை, யாரையும் தொந்தரவு செய்ய விரும்பாத மாதிரி, ஒரே கோடாக மேலே போய்க்கொண்டிருந்தது.

மூடியைக் கழற்றினேன். கழற்றியிருக்கக் கூடாது. தூசி என்று மரியாதையாகச் சொல்ல முடியாத ஒன்று, பழைய தலையணைப் பஞ்சு போல, விசிறியைச் சுற்றி மெத்தை போட்டிருந்தது. மெத்தையின்மேல் கரப்பான்பூச்சிகள், தாத்தாவும் பேரனுமாக, காய்ந்து கிடந்தன. மூலையில் பல்லி முட்டை ஓடு. இதற்குள்ளிருந்துதான் இத்தனை வருடம் அம்மன் பாட்டு எடுத்திருக்கிறேன் என்று நினைத்ததும் மூடியைத் திரும்ப மூடினேன். அம்மன்களுக்கு எப்படி இருந்ததோ.

நான் தொழில்முறை இசைக்காரன் இல்லை. என் இசையைக் கேட்டவர்களுக்கு அது சொல்லாமலே தெரியும். பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நிறுவனத்துக்குக் கையேடு எழுதுகிறேன். அதாவது, பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் முதலில் தூக்கிப் போடுகிற அந்தத் தாளை. யாரும் படிக்காத உரைநடை என்று ஒன்று உண்டென்றால் அதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறவன் நான். 'இணைப்பு முனை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கிறதா என்று சரிபார்க்கவும்.' இந்த வாக்கியம் இல்லாமல் நான் எழுதிய கையேடே கிடையாது. வெட்டி ஒட்டி, வெட்டி ஒட்டி அதன் ஓரமே தேய்ந்துவிட்டது. மாலையில் மேனாம்பேட்டு வீட்டின் இரண்டாவது படுக்கையறையில், மெத்தையைச் சுவரில் சாத்தி வைத்து, ஒலிப்பதிவுக்கூடம் நடத்துகிறேன். ஆடி மாதத்துக்கு முன்னால் அந்த மெத்தைக்கு நல்ல கிராக்கி.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை அம்மன் இல்லாத ஊர் இல்லை. எல்லா அம்மனுக்கும் ஆடியில் கூழ் ஊற்ற வேண்டும், திருவிழா எடுக்க வேண்டும், புதுப் பாட்டு வேண்டும். அத்தனை பாட்டுக்கு எங்கே போவது? ஆகவே ஒரு பாட்டை எடுத்து, அதையே ஊர் ஊராகப் பெயர் மாற்றிப் பாடுவோம். பல்லவியில் அம்மன் பெயர், முதல் சரணத்தில் ஊர்ப் பெயர், இரண்டாவது சரணத்தில் ஏரி; ஏரியைத் தூர்த்து மனை போட்டிருந்தால் வேப்பமரம். இதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. ஓர் அம்மனுக்குப் பலித்த பாட்டு இன்னோர் அம்மனுக்கும் பலிக்கும் என்பதில் ஊர்க்காரர்களுக்கு உறுதியான நம்பிக்கை உண்டு.

அப்படிப் பலித்த பாட்டு ஒன்று என்னிடம் இருந்தது. பாடியவர், திருமழிசையில் முலாம் பூசுகிற பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர். முப்பத்தைந்து வயதிருக்கும். அமிலத் தொட்டிகளின் பக்கத்தில் நின்று நின்று விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தாலும் குரல் மட்டும் கரும்பாறை மாதிரி. அந்தப் பாட்டுக்கு நான் போட்டது உண்மையான பம்பை இல்லை. கணினிக்குள் இருக்கிற மேளம். எங்கோ ஒரு குளிர் தேசத்தில் யாரோ ஒருவரைப் பெரிய மேளங்களை விதவிதமாக அடிக்க வைத்து, ஒவ்வோர் அடியையும் பதிந்து, மென்பொருளாக்கி விற்றிருந்தார்கள். நான் இங்கே லுங்கியோடு உட்கார்ந்து விசையை அழுத்தினால் அவர் அங்கே அடித்த அடி கேட்கும். அதில் இருந்த மிகப் பெரிய மேளத்தின் சுருதியைப் பாதிக்குமேல் இறக்கி, தோல் தளர்ந்த மாதிரி ஆக்கி, பம்பைக்கும் இடிக்கும் நடுவில் ஓர் ஓசை கொண்டுவந்திருந்தேன். போன ஆடியில் ஆவடிப் பக்கம் ஒரு கோவிலில் அந்தப் பாட்டைப் போட்டபோது, மூன்றாவது சரணத்தில் அந்த அடி விழுந்ததும், வரிசையாகப் பெண்களுக்கு அருள் வந்துவிட்டது. அந்தக் குளிர் தேசத்துக்காரருக்கு இது தெரிந்தால் என்ன செய்வாரோ.

கணினி செத்த வாரத்திலேயே பாடகர் வந்தார்.

"அண்ணாத்தே, இந்த வாட்டி எங்க ஊரு. எங்க அம்மன். கமிட்டில கூப்ட்டு சொல்லிட்டாங்கோ."

அவர் ஊர் குத்தம்பாக்கத்துக்குப் பக்கம். நல்ல செய்தி என்றேன்.

"நல்ல சேதிதான். ஒரு கண்டிசன் கீது. ஆவடில வுழுந்துச்சே, அதே அடி ஓணுமாம். அது இல்லன்னா வேற செட்டு பேசி வெச்சிகீறாங்களாம்."

"அதே மாதிரி பண்ணிக் குடுக்கலாம்."

"மாரி இல்ல அண்ணாத்தே. அதே." சுவரில் சாத்தியிருந்த மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்தார். "எங்கப்பன் அந்தக் கமிட்டிக்காரங்க நெலத்துல நாத்து நட்டான். எங்கம்மா களை எடுத்துச்சு. நான் பொறந்ததுலேர்ந்து அந்தத் திருவிழா மைக்க பாத்துகினே கீறேன். தொட்டது கெடயாது. ஒரு வாட்டி வயர் சுத்திக் குடுத்தேன். அவ்ளோதான்."

பிறகு என் முகத்தைப் பார்த்தார். "இன்னா, மூஞ்சி ஒரு மாரி கீது?"

"கம்ப்யூட்டர் போயிடுச்சு தம்பி."

"போனா புச்சு வாங்கு."

"மேளம் அதுக்குள்ள இருக்கு."

"எட்த்து அதுல போடு."

அரிசியை ஒரு டின்னிலிருந்து இன்னொரு டின்னுக்கு மாற்றுவது மாதிரி சொன்னார். கணினி பற்றிப் பதினெட்டு கையேடு எழுதிய நானும் அப்படித்தான் நினைத்தேன் என்பதுதான் அருவருப்பு.

மேளத்தை மட்டும் தனியாகப் பதிந்து வைத்திருந்தால் இந்தப் பாடே இல்லை. பழைய பாட்டில் குரலும் மேளமும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. குரலோ வேறோர் அம்மனின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த அம்மனுக்குப் பெயர் கொஞ்சம் நீளம், தாளத்தையே இழுத்துப் போட வேண்டும். தனியாகப் பதிந்து வை என்று மற்றவர்களுக்கு நான் சொல்லாத நாள் இல்லை. எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போது மட்டும் காது கேட்காது.

புதுக் கணினி வந்தது. சத்தமே போடாத, மெலிந்த, தன்னைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் உள்ள ஒரு பெட்டி. பழைய கணினியின் வட்டு நல்லவேளையாகப் பிழைத்திருந்ததால் மேளத்தின் ஒலிகளெல்லாம் அதில் பத்திரமாக இருந்தன. மிச்சம் ஒரே ஒரு பொருள்தான், டாங்கிள். மேளத்தை விற்றவர்களுக்கு வாங்கியவன்மேல் நம்பிக்கை கிடையாது. அதனால் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குச்சியையும் கூடவே கொடுத்திருந்தார்கள். அதைக் கணினியில் சொருகினால் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால்தான் மேளம் திறக்கும். இல்லையென்றால் நான் திருடன் என்று பொருள்.

வெள்ளிக்கிழமை பூஜை போட்டுவிட்டுத்தான் புதுசைத் தொட வேண்டும் என்றாள் மனைவி. பாடகரும் எலுமிச்சம்பழத்தோடு வந்துவிட்டார். அதை எதன் சக்கரத்துக்கு அடியில் வைப்பது என்று கணினியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மேஜைக் காலடியில் வைத்தார். விசைப்பலகைக்குப் பொட்டு, பெட்டிக்குப் பொட்டு. திரையில் வேண்டாம் என்று நான் கெஞ்சியதால் திரையின் சட்டத்துக்குப் பொட்டு. அப்போதுதான் பூஜைத் தட்டில் இருந்த டாங்கிளை அவர் எடுத்தார்.

"இது இன்னா, தீப்பெட்டி சைசுல?"

"அதுதான் சாவி. அது இல்லாம அந்த மேளம் திறக்காது."

என் வாழ்க்கையில் நான் எழுதிய எந்தக் கையேட்டையும் யாரும் இவ்வளவு கவனமாக உள்வாங்கியதில்லை. அவர் அதை இரண்டு கையிலும் ஏந்தி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு அதன் முதுகில் ஒரு பொட்டு வைத்தார், அதன்மேல் குங்குமம். பிறகு திருப்பிப் பார்த்தார். முனையில் பளபளவென்று ஓர் உலோக வாய். முகம் அங்கேதான் என்று முடிவு செய்து, அங்கே தாராளமாக அப்பினார். நான் கைகூப்பி நின்றுகொண்டிருந்தேன். உலகத்து இலக்கியமெல்லாம் படித்தவன், கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மறுநாள் காலை, வெளியே இருந்த பொட்டை லுங்கி முனையில் துடைத்துவிட்டு டாங்கிளைச் சொருகினேன்.

விளக்கு எரியவில்லை.

எனக்கு முதலில் தோன்றிய சந்தேகம் மேளத்தை விற்ற நிறுவனத்தின்மேல். மேளத்தைச் செய்தவர்கள் அதை இன்னொருவருக்கு விற்றிருந்தார்கள். அவர் மற்றொருவருக்கு விற்றிருந்தார். கடைசியாக வாங்கியவர்களின் பக்கத்தில் என் மேளம் 'பாரம்பரியப் பொருள்' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. வியாபாரிகள் பாரம்பரியம் என்று சொன்னால், இனி எங்களைக் கூப்பிடாதே என்று அர்த்தம். பழைய மேளத்துக்கும் புதுக் கணினிக்கும் நடுவில் பேசித் தீர்க்க ஒரு தரகு மென்பொருள் வேண்டுமாம். போட்டேன். அந்தத் தரகருக்கு ஒரு தரகர் வேண்டுமாம். அவரையும் போட்டேன். ஒவ்வொன்றும் நிறுவப்படும்போது என் மின்னஞ்சலைக் கேட்டது, என் பிறந்தநாளைக் கேட்டது, எனக்குச் செய்திமடல் அனுப்பட்டுமா என்று கேட்டது. விளக்கை மட்டும் யாரும் கேட்கவில்லை.

சரி, சனியன் போகட்டும் என்று இந்தக் காலத்து மேளங்களை இறக்கிப் பார்த்தேன். திரையில் மேளத்தின் படம் மட்டும் அழகாக இருக்கிறது. மரத்தின் ரேகை தெரிகிறது, ஆணியில் வெளிச்சம் பட்டு மின்னுகிறது. அடித்தால் விலை உயர்ந்த மேஜையைத் தட்டிய சத்தம். அதில் ஒன்றைத் தேற்றிப் பாடகருக்குத் தொலைபேசியில் போட்டுக் காட்டினேன்.

"அண்ணாத்தே, இது கல்யாண மண்டபத்துல சேர் மடிக்கிற சவுண்டு."

இன்னொன்றைப் போட்டேன்.

"இது பரவால்ல. ஆனா இதுக்கு சாமி வராது. ஈபிகாரன்தான் வருவான்." கொஞ்சம் தயங்கி, "சாவி தொறக்கலியா?" என்றார்.

"திறந்திடும்."

"கமிட்டில கேட்டுகினே கீறாங்கோ. அந்த வேற செட்டுக்காரன் வந்து டீ குடிச்சிட்டுப் போனானாம்."

நிறுவனத்துக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது, அதாவது எந்த மனிதனும் எழுதாத பதில். செய்ய வேண்டியவை என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். மறுபடி தொடங்கிப் பாருங்கள், வேறு துளையில் சொருகிப் பாருங்கள். அடுத்த வரி எனக்கு நன்றாகத் தெரிந்த வரி. இணைப்பு முனை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கிறதா என்று சரிபார்க்கவும். என் சரக்கையே எனக்கு விற்கிறார்கள். அந்த வரியை எழுதுகிறவர்கள் எந்த மனநிலையில் எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். மத்தியானம் சாப்பிட்ட பிறகு, தூக்கக் கலக்கத்தில், பக்கத்தை நிரப்புவதற்காக. தாண்டிப் போனேன்.

தாண்டிப் போய், ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். காசு கொடுத்து வாங்கிய மேளத்தைத் திறக்க ஒருவன் கடல் தாண்டி அனுமதி கேட்டு நிற்பதைப் பற்றி, பொருளைத் தந்துவிட்டு உரிமையைத் தன் மடியில் முடிந்துகொள்கிற வியாபாரத்தைப் பற்றி, இதே முறையில் எங்கள் நாட்டை ஒருமுறை ஆண்டு பார்த்துவிட்டவர்களைப் பற்றி. நல்ல கடிதம். என் இருபது வருட உரைநடையில் இவ்வளவு ரத்த ஓட்டம் இருந்ததில்லை. மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

"நல்லா இருக்குங்க," என்றாள். "லைட் எரிஞ்சிதா?"

இம்முறை ஒரு மனிதர் பதில் எழுதினார். கடிதத்தின் பெரும்பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டாங்கிளின் முனையைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். என்னை நம்பவில்லை, நான் போலி டாங்கிள் வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. படம் எடுத்து, எந்த விளக்கமும் இல்லாமல், ஒரு தன்மானமுள்ள மனிதன் அனுப்புகிற மாதிரி அனுப்பினேன். படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. கோபமாக இருக்கிறவன் எதையும் பார்ப்பதில்லை.

அதற்கு வந்த பதில் மிகவும் பணிவானது. படத்துக்கு நன்றி. இணைப்பு முனைக்குள் மஞ்சள் நிறத்திலும் சிவப்பு நிறத்திலும் ஒரு பொருள் அடைந்திருப்பதைக் காண்கிறோம். எங்கள் பொறியாளர்கள் பலரிடம் காட்டினோம். இது என்னவென்று யாராலும் சொல்ல முடியவில்லை. டாங்கிளின் உட்பகுதியிலிருந்து ஏதேனும் வேதிப்பொருள் கசிந்திருக்கலாம். தயவுசெய்து வெறும் கையால் தொட வேண்டாம். முகர வேண்டாம். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.

என் தோளுக்குமேல் படித்துக்கொண்டிருந்த மனைவி டாங்கிளை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"கோவில் சந்தனங்க," என்றாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவள் சிரித்ததைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நிறுவனத்துக்கு, 'அது ஆபத்தில்லாத தாவரப் பொருள்' என்று ஒற்றை வரி எழுதினேன். தேசத்தையும் சரித்திரத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருந்த சானிடைசரை ஒரு மூடியில் ஊற்றி, பழைய பல் துலக்கியால் டாங்கிளின் வாயைத் துலக்க ஆரம்பித்தேன். சந்தனம் உள்ளே காய்ந்து ஓடாகியிருந்தது. நான் வேறு தினமும் சொருகிச் சொருகி அதை இடித்து இறுக்கியிருந்தேன். ஒரு பொருளின் வாய்க்குள் இப்படிக் குச்சிவிட்டுக் குடைவது பல் டாக்டருக்கு எப்படிப் பழக்கமாகிறதோ தெரியவில்லை. மஞ்சளாக ஒரு சேறு வந்துகொண்டே இருந்தது. பூந்தமல்லிக்கு வேலையாகப் போய்விட்டு வந்த பாடகர் அந்த நேரத்தில்தான் கதவைத் தட்ட வேண்டுமா? மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"இன்னா அண்ணாத்தே பண்ற?"

"தூசி."

அவர் கிட்டே வந்து குனிந்தார். "சந்தன வாசன வர்ற தூசியா?"

நான் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"நான் வெச்சதா?"

"நீ வெச்சதுல ஒண்ணும் இல்ல. பாக்காம சொருகினது நான்."

நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். வெளுத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "சாவின்னு சொன்னியே," என்றார். அவ்வளவுதான். அதில் குற்றச்சாட்டும் இல்லை, மன்னிப்பும் இல்லை. திருவிழா மைக் அவர் கண்ணெதிரே ஒரு பல் துலக்கியின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. அமிலத் தொட்டிக்காரர் என்பதால் எதையாவது கொண்டுவந்து ஊற்றட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கும்பிட்டேன்.

நன்றாகக் காயவிட்டுச் சொருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. சூடு இல்லாத, கடுகளவு வெளிச்சம். அவர் எழுந்து நின்று கையெடுத்தார். பாதியில் என்னைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார். மேளம் திறந்தது. திறந்தாலும், ஒலிகள் இருக்கும் ஃபோல்டரைக் காணோம் என்று அது ஒரு பாட்டம் அழுதது. அதைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டியதும் அடங்கியது. ஓர் அடி அடித்தேன்.

"அதே," என்றார்.

மேளத்தைத் தனியாகப் பதிந்து வைத்தேன்.

திருவிழா அன்று மாலை நெடுஞ்சாலையில் பேருந்துகளுக்கு நடுவே வண்டி ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கோவில் வாசலில் கூட்டம், கூழ், வேப்பிலை. கமிட்டிக்காரர் ஒருவர், வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, மைக்கை எடுத்துப் பாடகர் கையில் கொடுத்தார். அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அதன் வயரைப் பழக்க தோஷத்தில் கொஞ்சம் சுற்றி, சுற்றியதை அவிழ்த்துவிட்டு, நான் பதிந்து கொடுத்திருந்த மேளத்தோடு பாட ஆரம்பித்தார்.

நான் ஒலிபெருக்கிகளைத் தேடினேன். வேப்பமரத்தில் இரண்டு, மின்கம்பத்தில் இரண்டு, எல்லாம் கூம்பு. காது ஜவ்வைக் கிழிக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் அடிநாதம், அதாவது பேஸ் என்ற ஒன்றை அது பிறவியிலேயே அறியாது. என் மேளத்தின் உயிரே அந்த அடிநாதத்தில்தான் இருந்தது. எதற்காகத் தரகருக்குத் தரகர் வைத்தேனோ, எதற்காகக் கடல் தாண்டிக் கடிதம் எழுதினேனோ, அந்த அடி கூம்பு வழியாக வெளியே வந்தபோது யாரோ தீப்பெட்டியை நகத்தால் தட்டுகிற மாதிரி இருந்தது. டிக். டிக். கல்யாண மண்டபத்து நாற்காலியே தேவலாம். கூழ்ப் பாத்திரத்தோடு அங்கே நின்றபோது, இந்தத் தொழில், இந்தக் கூம்பு, இந்த நான் என்று எல்லாவற்றின்மேலும் ஒரே சீராக அருவருப்பு வந்தது.

மூன்றாவது சரணம் வந்தது. டிக். முன்வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் தலை பின்னால் சாய்ந்தது. அடுத்து ஒருத்தி. பிறகு இன்னொருத்தி; அந்த வெள்ளைச் சட்டைக்காரரின் வீட்டுப் பெண் என்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. பாடகர் கண்ணைத் திறக்காமல், அந்தச் சரணத்தையே திரும்பப் பிடித்தார்.

பாட்டு முடிந்து அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் வந்தபோது சட்டை முழுக்க வேர்வை. கையில் வாழையிலைத் துண்டு, அதில் அம்மன் காலடிக் குங்குமம்.

"கேட்டியா அண்ணாத்தே, அந்த அடிய?"

"கேட்டேன்," என்றேன்.

"அடுத்த வருசமும் நான்தானாம். அதே அடியாம். கமிட்டி பெரியவரே சொல்லிட்டாரு." விரலைக் குங்குமத்தில் தோய்த்தார். "நெத்திய காட்டு."

காட்டினேன். பட்டையாக இழுத்துவிட்டார். இலையில் இன்னும் நிறைய இருந்தது.

"மீதிய அந்தச் சாவிக்கு வெச்சிரு."

"அது வீட்ல பத்திரமா இருக்கு," என்றேன். தொலைந்துவிடும் என்ற பயத்தில் நான் அதை வீட்டில் விடுவதே இல்லை. சட்டைப் பையில்தான் இருந்தது. கும்பிடுவது போல வலது கையை நெஞ்சில் வைத்து, பையின் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.